ரூம் வாடகைக்குள் ஒளிந்திருக்கும் வெட்டு

மார்ச் 31 நெருங்குகிறது. அன்று மருத்துவக் காப்பீட்டு பாலிசி புதுப்பிக்க வேண்டியவர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: எழுபது தாண்டியவர்களுக்கு அரசே 5 லட்சம் தரும்போது தனியாருக்கு ஏன் பிரீமியம்?

2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பும் இல்லை, காத்திருப்புக் காலமும் இல்லை. 'இலவச சிகிச்சை' என்ற விளம்பரத்தை மட்டும் இப்படி வாசிக்க வேண்டும்: பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, அரசு வைத்த தொகுப்புக் கட்டணத்தில், பொது வார்டில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் இலவசம். வீட்டில் எழுபது கடந்தவர் இருவர் என்றால் அந்த 5 லட்சம் இருவருக்கும் சேர்த்துத்தான்.

தனியார் பாலிசியில் தனி அறை கிடைக்கும். ஆனால் அந்த அறையில்தான் சூட்சுமம். 3 லட்ச ரூபாய் பாலிசி, ரூம் வாடகை வரம்பு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் அறையில் 5 நாள் தங்குகிறீர்கள். வாடகை வித்தியாசம் 15,000தானே, கையிலிருந்து கட்டிவிடலாம் என்று நினைப்போம். அறை பாதிக்குப் பாதி தகுதி என்பதால் டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸ் கட்டணங்களையும் பாதியாக வெட்டுவார்கள். அவை 1,60,000 என்றால் 80,000 போச்சு. மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது என்பது விதி. அவற்றுக்கு 90,000 என்று வையுங்கள். மொத்த பில் 2,80,000, ஏற்பது 1,85,000. முதியோர் பாலிசிகளில் சகஜமான 20 சதவீத கோ-பே, அதாவது நாமே ஏற்கவேண்டிய பங்கு, அதிலும் 37,000 தின்னும். கடைசியில் வருவது 1,48,000. எல்லாம் சட்டப்படி சரி; ஏஜென்ட் சொன்ன 'கேஷ்லெஸ்' என்ற சொல்லுக்குத்தான் பொருள் இல்லை. அறை கேட்கும் முன் பாலிசியில் ரூம் வாடகை வரம்பு என்ற ஒரு வரியைத் தேடுங்கள்.

இரண்டையும் வைத்திருக்கலாமா? தனியார் பாலிசி, இ.எஸ்.ஐ. இருந்தாலும் அட்டை உண்டு, மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ்., முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். திட்டக்காரர்கள் ஏதேனும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

பிரீமியத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதாமே? மூத்தோருக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் கலந்துபேச வேண்டும் என்பதே 2025 ஜனவரி உத்தரவு, கலந்துபேசிவிட்டு ஏற்றலாம்.

தேதி தவறினால்? ஆண்டுக்கு ஒருமுறை கட்டுவோருக்கு 30 நாள் அவகாசம். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் வராது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு? அட்டையும் தராது, பெரும்பாலான பாலிசியும் தராது. அரசு மருத்துவமனையும், வீட்டுக்கே மாத்திரை தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவ'மும்தான்.