பெட்டி பூட்டிய உழவு இயந்திரம்: சாரதிப் பரீட்சைக்கு முன் பழக வேண்டியவை

வயலில் உழுது பழகியவர்களுக்கும் பெட்டி பூட்டி வீதியில் ஓட்டுவது புதிய வேலைதான். இடம்பெயர்ந்த நாட்களில் நெல் மூடைகளோடு பிள்ளைகளையும் சுமந்தது இந்தப் பெட்டியே. ஆகவே முறையாகப் பழகி அனுமதிப்பத்திரம் பெறுவது அவசியம்.

இரண்டு சில்லு இயந்திரத்துக்கு 'ஜீ1' வகுப்பும், நான்கு சில்லு இயந்திரத்துக்கு 'ஜீ' வகுப்பும் வேண்டும். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை என்பது ஒழுங்கு.

1. புறப்படுமுன்: பெட்டியை இணைக்கும் ஊசி, அது கழராமல் தடுக்கும் சிறு ஊசி, சில்லுகளின் காற்று, பின்விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள்.

2. பிறேக்: நான்கு சில்லு இயந்திரத்தின் இரு பிறேக் மிதிகளையும் வீதியில் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் இழுபட்டுப் புரளக்கூடும்.

3. பின்னே எடுத்தல்: நான்கு சில்லு இயந்திரத்தில், பெட்டி இடப்பக்கம் போகவேண்டுமானால் முதலில் சுக்கானை வலப்பக்கம் திருப்புங்கள். பெட்டி திரும்பத் தொடங்கியதும் சுக்கானை இடப்பக்கம் கொண்டுவந்து அதன் பின்னே செல்லுங்கள். வெறும் பெட்டியுடன், காய்ந்த தரையில் இரண்டு தடிகளை நட்டு, அவற்றுக்கிடையே பழகுங்கள்.

4. இறக்கம்: இறங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றுங்கள், நியூட்ரலில் விடவேண்டாம். இரண்டு சில்லு இயந்திரத்தைப் பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது கைப்பிடிக் கிளச் எதிர்மாறாக வேலை செய்யும். இடது கிளச்சை அழுத்தினால் இயந்திரம் வலப்பக்கம் இழுக்கும். ஆகையால் கிளச்சைத் தொடாது, கைப்பிடியால் மெல்லத் திருப்புங்கள்.

இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் இடையில் எவரையும் இருக்க விடாதீர்கள். இவை கைக்குப் பழகியபின் பரீட்சைக்குச் செல்லுங்கள்.