மூட்டுத் தேய்மானம்: மருந்துகள் மூட்டினுள் என்ன செய்கின்றன?

திருவெறும்பூர் மலைக்கோயிலின் படிகளில் ஏறும்போதும், தரையில் அமர்ந்து எழும்போதும் முழங்கால் வலிக்கிறதா? நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு இதற்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமே காரணம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கும் முன் கீழ்க்கண்டவற்றை அறிந்துகொள்ளுங்கள்.

மூட்டினுள் நடப்பது

எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பைப் பராமரிப்பவை அதனுள் வாழும் காண்ட்ரோசைட் உயிரணுக்கள். குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுநீர் வழியாகவே இவ்வுயிரணுக்கள் ஊட்டம் பெறுகின்றன. தேய்மானத்தில் அதிகச் சுமையும் அழற்சியும் இவற்றைத் தூண்டுகின்றன. அப்போது அவை கொலாஜன் இழைகளைச் சிதைக்கும் நொதிகளை அதிகமாகச் சுரக்கின்றன. குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை. வலி மூட்டுச் சவ்விலும் அடியிலுள்ள எலும்பிலும் எழுகிறது. எனவே, வலி குறைவதால் தேய்மானம் நின்றுவிட்டது என்று பொருளல்ல.

மருந்துகளின் செயல்

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன்: வலியும் வீக்கமும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காத்து, சிறுநீரகத்திற்கு இரத்த ஓட்டத்தையும் பேணுகிறது. ஆகவே நீண்டநாள் உட்கொண்டால் இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு ஏற்படலாம். முழங்காலில் பூசும் டைக்ளோஃபெனாக் களிம்பு இரத்தத்தில் குறைவாகவே கலக்கிறது.

ஸ்டீராய்டு ஊசி: அழற்சியை அடக்கிச் சில வாரங்கள் நிவாரணம் தரும். 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மூன்று மாதத்திற்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் இவ்வூசி பெற்றவர்களுக்கு, உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் குறைந்திருந்தது; வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை அளவு உயரலாம்.

குளுக்கோசமைன்: குருத்தெலும்பின் மூலப்பொருளாயினும், ஆய்வுகளில் இதன் பயன் உறுதியாகவில்லை.

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளரச்செய்வதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை.

கவனிக்க வேண்டியவை

• பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வலி மாத்திரை வாங்காதீர்கள்.
• சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் இருப்பின் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.
• மலம் கருநிறமாதல், சிறுநீர் குறைதல், கால் வீக்கம் ஆகியவை தோன்றினால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

மிதமான அசைவு மூட்டுநீரைக் குருத்தெலும்பினுள் செலுத்தி உயிரணுக்களுக்கு ஊட்டம் தருகிறது. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து விநாடி வைத்திருங்கள். பத்து முறை செய்து, மறுகாலுக்கு மாறுங்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும்.

நடக்க இயலாத முதியவர்களுக்கு, 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை இல்லத்திலேயே வழங்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.