சாளரமற்ற உலாவி

சாளரமற்ற உலாவி என்பது திரையில் சாளரம் எதையும் திறக்காமல் பின்புலத்தில் இயங்கும் இணைய உலாவி ஆகும். இது ஹெட்லெஸ் பிரவுசர் எனவும் அழைக்கப்படுகின்றது. வலைத்தளங்களின் தன்னியக்கச் சோதனையில் இது பெரிதும் பயன்படுகின்றது.

பின்னணி

2004 இல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய செலீனியம் போன்ற சோதனைக் கருவிகள், இயல்பாக உலாவிச் சாளரத்தைத் திறந்தே இயங்குகின்றன. புதிய சாளரம் முன்னே வரும்போது, பயனர் வேறு செயலியில் தட்டச்சு செய்யும் எழுத்துக்கள் அதனுள் சென்றுவிடலாம். இதனால் அவரது வேலை தடைப்படுவதுடன் சோதனையும் பிழையான முடிவைத் தரக்கூடும்.

வழிமுறைகள்

லினக்சில் எக்ஸ்விஎஃப்பி என்னும் நிரல் நினைவகத்திலேயே மெய்நிகர் திரை ஒன்றை அமைக்கின்றது. உலாவியை அதில் இயக்கலாம். 2011 இல் வெளியான ஃபாண்டம்ஜேஎஸ், திரையே தேவைப்படாத உலாவியாக இருந்தது. 2017 இல் குரோம், பயர்பாக்சு ஆகியவற்றிலேயே இவ்வசதி சேர்க்கப்பட்டது. 2018 இல் ஃபாண்டம்ஜேஎஸ் மேம்பாடு நிறுத்தப்பட்டது. தற்போது உலாவியைத் தொடங்கும் கட்டளையுடன் ஹெட்லெஸ் என்னும் தெரிவைச் சேர்த்தால் போதுமானது.

குறைபாடுகள்

சோதனை தோல்வியுற்றால் காரணத்தை நேரில் காண இயலாது. எனவே திரைப்பிடிப்புகளைச் சேமித்தல் வேண்டும். சோதனை நடைபெறும் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடின், தமிழ்ப் பக்கங்கள் அப்படங்களில் வெறுங்கட்டங்களாகத் தோன்றும். உரையை மட்டும் ஒப்பிடும் சோதனை அப்போதும் வெற்றி என்றே காட்டும்.