மகிழுந்தின் இயந்திரம் கொதிப்பது ஏன்?

பள்ளி விடுமுறை நாள்களில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுச் சாலையின் ஓரத்தில், முன்மூடியைத் திறந்தபடி ஆவி எழ நிற்கும் மகிழுந்துகளை நம்மிற் பலர் கண்டிருப்போம். அதன் காரணத்தையும், அவ்வேளையில் செய்யத்தக்கவற்றையும் ஈண்டு அறிந்து கொள்வோம்.

எரிபொருள் எரிவதால் எழும் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரங்களைச் சுழற்றுகிறது. எஞ்சியதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறும். மற்றொரு பங்கைக் குளிர்நீர் சுமந்து செல்லும். நீரேற்றி அந்நீரை இயந்திரத்தினுள் செலுத்துகிறது. நீர் போதிய வெப்பம் அடைந்ததும் தெர்மோஸ்டாட் எனும் அடைப்பிதழ் திறந்து, அதனை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே எதிர்க்காற்றும் காற்றாடியும் நீரைக் குளிர்விக்கின்றன. மலையேறும்போது இயந்திரத்தின் உழைப்பு மிகுகிறது. வண்டி மெல்லச் செல்வதால் எதிர்க்காற்றோ குறைகிறது. ஆகவேதான் மறைந்திருந்த பழுது மலைச்சாலையில் வெளிப்படுகிறது.

வெப்பமானியின் முள் உயர்ந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி இயந்திரத்தை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை மட்டும் உடனே திறத்தல் ஆகாது. சாதாரண நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். ஆனால், இறுக மூடிய ரேடியேட்டரில் அழுத்தம் மிகுவதால் ஏறத்தாழ 120 பாகை வரையிலும் நீர் கொதிக்காமல் இருக்கக்கூடும். நம் சமையலறைப் பிரஷர் குக்கரிலும் இதே விதிதான். மூடியைத் திறந்ததும் அழுத்தம் நீங்கி, நீர் நொடியில் ஆவியாகி முகத்தில் பாயும். அரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஆறவிட்டு, மூடியைத் தொட்டால் சுடாத நிலை வந்த பின்னரே, தடித்த துணியால் பற்றி மெல்லத் திருகுதல் வேண்டும். சூடான இயந்திரத்தின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிப்புறக்கூடும்.

இனி, பழுதைக் கண்டறியும் முறையைக் காண்போம்.

1. நீர் குறைந்து, வண்டியின் அடியிலும் ஈரம் இருந்தால், இரப்பர்க் குழாயிலோ நீரேற்றியிலோ ரேடியேட்டரிலோ கசிவு உண்டு.

2. நெரிசலில் கொதித்து, வேகமாகச் செல்கையில் தணிந்தால், காற்றாடியையும் அதன் மின்னிணைப்பையும் சோதிக்க வேண்டும்.

3. வேகமாகச் செல்கையிலும் கொதித்தால், ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம்.

4. மேற்குழாய் சுட, கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் திறவாமல் இருக்கலாம்.

5. வெளிக்கசிவின்றியே நீர் குறைந்து, வெண்புகை தொடர்ந்து வந்து, எண்ணெய் பால்போல் மாறினால், இயந்திரத் தலைப்பின் கேஸ்கெட் பழுதுற்றிருக்கக்கூடும். அவ்வண்டியை ஓட்டாமல், இழுவை வண்டியின் துணையுடன் பட்டறைக்குக் கொண்டு செல்வதே நலம்.

வெறும் நீரை நெடுநாள் பயன்படுத்தினால் உள்ளே துரு ஏறும். ஆதலின், வண்டிக்கு உரிய குளிர்விப்புத் திரவத்தையே ஊற்ற வேண்டும். அத்திரவம் பெரும்பாலும் இனிப்புச் சுவையுடைய நஞ்சாகும்; தம்பி தங்கையரும் வளர்ப்புப் பிராணிகளும் அணுகாவண்ணம் அதனைப் பூட்டி வைத்தல் வேண்டும்.

மாணவர்களே! இயந்திரம் பழுதுற்றால் பணம் கொடுத்துச் சீர்செய்யலாம். வெந்நீரால் இழந்த கண்பார்வையை மீட்டல் அரிது. அடுத்த முறை வண்டி வழியில் நிற்குமாயின், அவசரப்பட்டு மூடியில் கைவைப்பவரை, "சற்றுப் பொறுங்கள்" என்று பணிவுடன் தடுங்கள். கற்ற அறிவியலின் பயன் அதுவே.