சுவையும் நிதானமும்: மதுவைச் சுவைத்து மதிப்பிடும் பழக்கம் பற்றி ஓர் இறையியல் நோக்கு

மதுவைப் பற்றித் தமிழ்த் திருச்சபைகளில் பேசும்போது குடிவெறி ஒன்றே நம் நினைவுக்கு வருகின்றது. வாரக் கூலியைக் கடையில் தொலைத்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளி, அவனுக்காகக் காத்திருக்கும் மனைவி மக்கள், கடன், நோய் ஆகியவையே நம் அருளுரைகளின் எடுத்துக்காட்டுகள். ஆனால் இன்று வேறொரு பழக்கமும் பரவி வருகின்றது. சிறு வடிசாலைகளில் பக்குவமாகச் செய்யப்படும் பீர் வகைகளை நாளுக்கு ஒன்றாகச் சுவைத்து, நிறம், நுரை, மணம், கசப்பு ஆகியவற்றைக் குறித்து மதிப்பெண் வழங்கும் பழக்கம் அது. மேலைநாடுகளில் தோன்றிய இவ்வழக்கம் பெங்களூரு போன்ற நகரங்களை எட்டியுள்ளது. ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் அங்கே வேலைக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் தன் ஆயரிடம், "ஐயா, நான் வெறிகொள்வதில்லை, சுவைத்து மதிப்பிடுகிறேன். இதில் தவறு என்ன?" என்று வினவினால், குடிவெறியைக் கண்டிக்கும் நம் பழைய விடை அவனுக்குப் போதாது. ஆகவே இவ்வினாவைச் சற்று ஆழமாக ஆராய்வோம்.

1. பானம் உருவாகும் விதம்

பீர் என்பது வாற்கோதுமையிலிருந்து பெறப்படுவது. தானியத்தை நனைத்து முளைகட்டி உலர்த்தினால், அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறத்தக்க நிலையை அடைகிறது. அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் ஈஸ்ட் இடுவர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இம்மாற்றம் உயிரிகளால் நிகழ்வதென்பதை லூயி பாஸ்டர் 1857-ஆம் ஆண்டு முதல் தம் ஆய்வுகளால் விளக்கினார். 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சென் தூய ஈஸ்ட் வகையைத் தனியே பிரித்து வளர்த்தார். அதன்பின் பெருந்தொழிற்சாலைகள் எங்கும் ஒரே சுவையுள்ள பீரைச் செய்யலாயின. இந்த ஒரேதன்மைக்கு எதிராக எழுந்ததே சிறு வடிசாலை இயக்கம். 1971-இல் மரபுவழிப் பீரைக் காப்பதற்கென ஓர் இயக்கம் தொடங்கிற்று. 1977-இல் மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர் (பாடகர் அல்லர்) உலகப் பீர் வகைகளைப் பற்றி வெளியிட்ட நூல், மதிப்பிடும் வழக்கத்துக்கு வழிகாட்டியாயிற்று.

நாளுக்கொரு சுவை என்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை கொண்ட சாறு வடிகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளியாமல் பதநீராக நிற்கும், காய்ச்சினால் கருப்பட்டியாகும். சுண்ணாம்பு இல்லையெனில் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். மேலும் வைத்தால் காடியாகும். மரத்துக்கு மரம், நாளுக்கு நாள், ஏன், காலைக்கும் மாலைக்கும் அதன் சுவை வேறுபடும். ஒரே மரத்தின் ஒரே சாறு உணவாவதும் மதுவாவதும் ஒரு விரற்கடைச் சுண்ணாம்பைப் பொறுத்தது என்பது இறையியலார் சிந்திக்கத்தக்க உண்மையாகும்.

சுவையைப் பகுத்தறியும் திறனும் இவ்வூர்களுக்கு உரியதே. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலின் தரம், சர்க்கரையின் அளவு, அடுப்பின் தீ ஆகியவற்றால் கடைக்குக் கடை சுவை மாறுவதை உள்ளூரார் நாவிலேயே அறிவர். சுவையறிதல் இறைவன் தந்த கொடை. அதனைப் பாவமென்று கூறுதல் படைப்பின் நன்மையை மறுப்பதாகும்.

2. இவ்விரு ஊர்களும் மதுவிலக்கும்

ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ள இவ்விரு ஊர்களும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. 1854 முதல் ராக்லாந்து ஐயரும் அவருடைய தோழர்களும் சிவகாசியை மையமாகக் கொண்டு, கூடாரங்களில் தங்கி, ஊர் ஊராகச் சென்று வட திருநெல்வேலியில் நற்செய்தி அறிவித்தனர். திருநெல்வேலித் திருச்சபையின் பெரும்பகுதி பனையேறும் குடும்பங்களிலிருந்து உருவானது என்பதை நாம் மறத்தலாகாது. பனைபடு பொருள்களின் வருவாயால் ஆலயங்கள் எழுந்தன. ஆயினும் பிற்காலத்தில் மதுவிலக்குப் போதனை வலுத்தபோது, கள் மட்டுமின்றி, பனையேறுதலே தாழ்ந்த தொழில் என்னும் எண்ணமும் நம்மிடையே குடிபுகுந்தது.

அரசின் கொள்கையும் பலமுறை மாறியது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. அம்மாகாண அரசுக்கு 1949 முதல் 1952 வரை தலைமை ஏற்றவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா ஆவார். 1936-இல் தொடங்கப்பெற்ற நூற்பாலையால் ஆலைநகராக வளர்ந்து வந்த அவ்வூரில், வாரக் கூலி வீடு போய்ச் சேருமா என்பது வெறும் கொள்கைப் பிரச்சினையன்று; அடுப்பெரியும் பிரச்சினையாகும். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1981-இல் மறுபடி தளர்த்தப்பட்டது. 1983-இல் அரசு வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. 1987-இல் கள் தடைசெய்யப்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அக்கழகமே நடத்துகிறது.

இதன் விளைவு யாது? ஆலையில் செய்த பீர் அரசுக் கடையில் விற்கப்படுகிறது. பனையேறி இறக்கும் கள் குற்றமாகிறது. மலைக்கு அப்பால் கேரளத்திலோ கள் சட்டப்படி விற்கப்படுகிறது. நகரத்தில் பீரைச் சுவைத்து மதிப்பிடுபவன் இரசிகன். கிராமத்தில் கள் குடிப்பவன் குற்றவாளி. இவ்வேறுபாடு பொருளின் தன்மையால் எழுந்ததா, அன்றிக் குடிப்பவரின் தரத்தால் எழுந்ததா என்று திருச்சபை கேட்டாக வேண்டும்.

3. திருமறை கூறுவது

பழைய ஏற்பாட்டில் திராட்சரசத்தோடு அடிக்கடி சேர்த்துக் கூறப்படும் 'ஷேகார்' என்னும் எபிரெயச் சொல், பீரைக் குறிக்கும் அக்காதியச் சொல்லாகிய 'ஷிகாரு' என்பதன் இனச்சொல்லாகும். எண்ணாகமம் 28-இல் அது ஆண்டவருக்குப் படைக்கும் பானபலியாகிறது. உபாகமம் 14-இல் தசமபாக விருந்தில் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் அதே அதிகாரம், லேவியரும் அந்நியரும் திக்கற்றோரும் விதவைகளும் உண்டு திருப்தியடையவேண்டும் என்று முடிகிறது. ரேகாபியரைப்போல முற்றும் விலகி வாழ்ந்தோரையும் திருமறை போற்றுகிறது.

'தாஅம்' என்னும் மற்றொரு எபிரெயச் சொல்லையும் நோக்குக. அது சுவையையும் குறிக்கும்; பகுத்தறியும் புத்தியையும் குறிக்கும். 34-ஆம் சங்கீதத்தில் ஆண்டவரைச் சுவைத்தறிய அழைக்கும் வினைச்சொல் இதன் அடியாகப் பிறந்ததே. 1 சாமுவேல் 25-இல் தாவீது அபிகாயிலின் 'தாஅம்' என்னும் பண்பைப் பாராட்டுகிறான். அன்றிரவே அவளுடைய கணவன் நாபால் தன் வீட்டு விருந்தில் வெறித்துக் கிடக்கிறான். பசித்து வந்தவர்களுக்கு உணவு மறுத்தவன் அவன்; அப்பசியை உணர்ந்து அப்பமும் திராட்சரசமும் எடுத்துச் சென்றவள் அவள். மெய்யான சுவையறிவு யாரிடம் இருந்தது என்பதை ஆசிரியர் நமக்குக் காட்டிவிடுகிறார்.

தமிழிலும் இத்தகைய சொல் ஒன்றுண்டு. 'நிதானம்' என்பது பகுத்தறிதலையும் குறிக்கும்; வெறியின்மையையும் குறிக்கும். 1 கொரிந்தியர் 11-இல் சிலர் பசித்திருக்கச் சிலர் வெறித்திருந்த திருவிருந்தைப் பவுல் கண்டிக்கையில், அவர்கள் ஆண்டவருடைய சரீரத்தை நிதானித்தறியவில்லை என்பதையே குற்றமாகச் சாட்டுகிறார். அங்கே பானத்தின் தரத்தைப் பற்றிய குறைகூறல் இல்லை. அருகில் இருந்தவனை அறியாமையே குறை. ஆமோஸ் தீர்க்கதரிசியும் 6-ஆம் அதிகாரத்தில், கிண்ணங்களில் திராட்சரசம் பருகி உயர்ந்த தைலம் பூசிக்கொண்டவர்களைச் சுவை தெரியாதவர்கள் என்று கூறவில்லை. யோசேப்பின் அழிவுக்காக அவர்கள் வருந்தவில்லை என்பதே அவருடைய குற்றச்சாட்டு.

4. திருச்சபையின் விடை

இவற்றின் அடிப்படையில் மூன்று கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, உண்மையை மறைத்தலாகாது. 330 மில்லிலிட்டர் பீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயம் இருப்பின், நாளுக்கு ஒன்று என்னும் கணக்கில் ஓராண்டில் ஏறத்தாழ 6 லிட்டர் தூய சாராயம் உடலில் சேர்கிறது. மது புற்றுநோய் விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-இலேயே வகைப்படுத்தியது. தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ஈரலுக்கு இரசிகனும் வெறியனும் ஒன்றே.

இரண்டாவது, மதுவிலகலை நாம் தூய்மைச் சடங்காகப் போதிக்காமல் அன்பின் ஒழுக்கமாகப் போதிக்கவேண்டும். ரோமர் 14-இல் பவுல் காட்டும் வழி இதுவே. தனக்கு உரிமையுண்டு என்று அறிந்தவன், இடறும் சகோதரனுக்காக அதனை விட்டுக்கொடுக்கிறான். குடியினால் தகப்பனை இழந்த பிள்ளை அமரும் சபையில் இது வெறும் உவமையன்று.

மூன்றாவது, பனையேறிக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்கவேண்டும். பதநீரும் கருப்பட்டியும் அறுப்பின் பண்டிகையில் மட்டும் நினைவுகூரத்தக்க பொருள்கள் அல்ல. அவற்றுக்கு நியாயமான விலை கிடைக்கச் செய்வதும், பனையேறுவோர்க்கு மதிப்பளிப்பதும், கள்ளைப் பற்றிய சட்டத்தில் நீதி உண்டா என்று அச்சமின்றிக் கேட்பதும் திருச்சபையின் பணியே. கேட்பதனால் நாம் குடியை ஆதரித்தவர்கள் ஆகமாட்டோம்.

ஆகவே அந்த இளைஞனுக்கு நாம் கூறவேண்டியது இது: தம்பி, சுவையறியும் உன் நாவைக் கடவுளே படைத்தார். ஆனால் கிண்ணத்தில் உள்ளதை மட்டும் மதிப்பிட்டு நிறுத்தாதே. அதன் விலையை யார் செலுத்துகிறார், உன் மேசையில் யாருக்கு இடமில்லை, உன்னைப் பின்பற்றி யார் இடறுவார் என்பனவற்றையும் நிதானித்துப்பார். அவ்வாறு நிதானிப்பவன் கிண்ணத்தைத் தானே கீழே வைப்பான் என்பதே நம் நம்பிக்கை.