பசியாறப் போன இடம்

“அம்மா, இது தோரணமா?”

2023 ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிறு. என் கைப்பையில் பென்சில் தேடிய ஆறு வயது மகள், உள்ளே மடித்து வைத்திருந்த ஓலையை உருவிக்கொண்டு வரவேற்பறைக்கே வந்துவிட்டாள். அது குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் கொடுத்த ஓலை. பிரசங்கம் கேட்டுக்கொண்டே என் விரல்கள் அதைச் சிலுவையாகப் பின்னிவிட்டிருந்தன. சின்ன வயதில் பாட்டி சொல்லிக்கொடுத்த பின்னல் அது.

கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிய என் கணவர் ஓலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஸ்டூடியோ ஆளுங்களோட பசியாறப் போறேன்னுதானே சொன்ன?”

ஓராண்டாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, பினாங்கு ரோட்டில் நாசி கண்டார் சாப்பிடுவதாக வீட்டில் ஒரு கணக்கு. கால்கள் போனதும் அதே ரோட்டுக்குத்தான், ஆனால் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்துக்கு. ஜார்ஜ்டவுன் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குத் தாய்வீடு மாதிரி அந்த ஆலயம். கடைசி வரிசையில் உட்கார்வேன். திவ்ய நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது நான் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு அப்படியே இருப்பேன். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் கதை புதுமையான கதை இல்லை. செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்த குடும்பம் எங்களுடையது. பாட்டி காலையில் பால் வெட்டப் போவார், மாலையில் செபமாலை சொல்வார். ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போய் ஊடகத்துறை படித்தபோது ஞாயிறு என்பது தூங்குகிற நாளாகிவிட்டது. யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு நான் விலகவில்லை, அதுபாட்டுக்கு நின்றுபோனது. 2012-இல் தேசியப் பதிவு இலாகாவில் கையெழுத்து, அடுத்த வாரம் கோயிலில் தாலி. பாட்டி வந்து அட்சதை போட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

2021-இல் பாட்டி இறந்தபோது கோவிட் கட்டுப்பாடு. அடக்கத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் போனார்கள். அன்றிரவு உறவினர்கள் வாட்சாப் அழைப்பில் செபமாலை சொன்னார்கள். ஒலியோடு பிழைப்பு நடத்துகிறவள் நான். அந்த ஒலியைக் கேட்டு எனக்கு அழுகையோடு எரிச்சலும் வந்தது. ஒருவர் குரல் முந்துகிறது, இன்னொருவர் குரல் மூன்று விநாடி பிந்துகிறது, நடுவில் யாரோ வீட்டுக் கோழி கூவுகிறது. இந்தக் கூச்சலுக்குள் மங்கள வார்த்தை ஜெபத்தின் மறுபாதி என் வாயிலிருந்து தானாக வந்தது. பதினைந்து வருடம் சொல்லாத ஜெபம். ஓர் எழுத்து பிசகவில்லை. அப்போது என் கணவர் அடுத்த அறையில் மகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். அன்றே அவரிடம் சொல்லியிருந்தால் பின்னால் வந்த பாதி வலி மிஞ்சியிருக்கும்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் திருமணத்துக்கு மூன்று வருடத்துக்கு முன் என் மாமனார் மருத்துவமனையில் கிடந்தார். பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. அறிமுகமே இல்லாத ஒரு சபைக்காரர்கள் கட்டில் கட்டிலாக வந்து ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். அவர் நெற்றியில் இருந்த விபூதியைத் துடைத்தால்தான் சுகம் கிடைக்கும் என்று சொல்லி, ஒருவர் கைக்குட்டையால் துடைத்தும்விட்டார். வெந்நீர் பிளாஸ்க்கோடு உள்ளே வந்த என் கணவர் அதைப் பார்த்தார். மாமனாரால் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர். பிறகு நான்கு நாள்தான் இருந்தார்.

அவர்கள் கத்தோலிக்கர்கள் இல்லை என்று நான் விளக்கலாம். விளக்கியும் பார்த்தேன். “அந்த வித்தியாசம் உனக்குத் தெரியும், எனக்கு எல்லாம் ஒரே சிலுவைதான்” என்றார். நியாயமான பதில்தான். கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965-லேயே, இந்து சமயத்தைப் பெயர் சொல்லி மதித்து ஏடு எழுதியிருக்கிறது என்பதெல்லாம், விபூதி துடைக்கப்பட்ட நெற்றிக்கு எந்தப் பதிலும் ஆகாது.

அந்தக் குருத்தோலை ஞாயிறன்று அவர் கத்தவில்லை. மகள் தூங்கியபின் கேட்டார்: “சர்ச்சுக்குப் போனது கிடக்கட்டும். சாப்பிடப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்க பாரு, அதுதான். நான் என்ன, உன்னைக் கட்டிப் போடுற ஆளா?” அடுத்த கேள்வி இன்னும் கஷ்டமானது. “நாளைக்கு இந்த வீட்டுல விளக்கு ஏத்த மாட்டேன்னு சொல்லுவியா? பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிடுவியா?”

பதில் என்னிடம் இல்லை. பங்குத்தந்தையைத் தேடிப் போனேன்.

இனி எழுதப்போவது என்னைப் போன்ற நிலையில் இருக்கும் பலருக்குத் தெரியாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் ஒருவர், திருச்சபையின் அனுமதி பெறாமல் பதிவு இலாகாவிலோ கோயிலிலோ மட்டும் திருமணம் செய்தால், திருச்சபைச் சட்டப்படி அது செல்லுபடியாகாது. நாட்டுச் சட்டம் வேறு. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி எங்கள் திருமணம் முழுக்க முழுக்கச் செல்லும். ஆனாலும் ஆலயத்தைப் பொறுத்தவரை நான் நற்கருணை வாங்க முடியாது. பூசைக்கு வரலாம், ஜெபிக்கலாம், யாரும் வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். முழங்காலை ஒதுக்கி வழிவிட்ட கதை இதுதான்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது நான் ஒரு தப்பு செய்தேன். ‘செல்லுபடியாகாது’ என்ற சொல்லை அப்படியே சொல்லிவிட்டேன். மைக்கின் முன்னால் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசுகிறவள் வீட்டில் இப்படி.

“பதினொரு வருஷம் செல்லாத கல்யாணமா? எங்கம்மா முன்னாடி இதைச் சொல்லு பார்ப்போம்.”

இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சு குறைந்தது. பேசியதெல்லாம் பிள்ளையின் பள்ளி, தண்ணீர் பில், காடிக்கு சர்வீஸ்.

பங்குத்தந்தை இரண்டு வழி சொன்னார். முதல் வழி, கணவனும் மனைவியும் குருவின் முன்னால், இரண்டு சாட்சிகளோடு, மறுபடி சம்மத வார்த்தை சொல்வது. பெரிய கொண்டாட்டம் எதுவும் வேண்டியதில்லை. என் கணவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். “நான் ஒரு தடவை கட்டிக்கிட்டேன். போதும்.”

இரண்டாவது வழியை நான் கேள்விப்பட்டதே இல்லை. லத்தீனில் அதற்கு இருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘வேரிலேயே சீராக்குதல்’ என்று வரும். முதலில் கொடுத்த சம்மதம் இன்றும் நீடிக்கிறது என்றால், அதைத் திரும்பச் சொல்லச் சொல்லாமலே மறைமாவட்ட ஆயர் அந்தத் திருமணத்தை ஏற்று உறுதிசெய்யலாம். சடங்கு இல்லை. விருப்பமில்லாத துணை ஆலயத்துக்கு வர வேண்டியதும் இல்லை. அதன் பலன் ஆரம்பத்திலிருந்தே, அதாவது முதல் கல்யாண நாளிலிருந்தே கணக்கு வைக்கப்படும். ஒரே ஒரு விஷயத்தைத்தான் நிச்சயப்படுத்திக்கொள்வார்கள்: இருவரும் சேர்ந்து வாழ விரும்புகிறார்களா?

“அதையும் சாமியார்கிட்ட நான் வந்து சொல்லணுமா?” என்றார் என் கணவர். எரிச்சலாகத்தான் கேட்டார். ஆனால் இரண்டு வாரத்துக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

வாக்குறுதி ஒன்றும் கொடுக்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கத் தரப்பு தன் விசுவாசத்தை விடாமல் இருப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மற்றத் தரப்பும் இதில் கையெழுத்திட வேண்டியிருந்தது. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை மாற்றினார். இப்போது அவருக்குத் தகவல் தெரிந்திருந்தால் போதும். என் அம்மா தலைமுறையில் இதே நிலையில் இருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

‘தன்னால் இயன்றதை’ என்ற இடத்தில்தான் எங்கள் இருவருக்கும் நிஜமான பேச்சு தொடங்கியது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் திருச்சபைச் சட்டப்படி பெற்றோரில் ஒருவர் சம்மதித்தாலே போதும். நான் நினைத்திருந்தால் ஒரு சனிக்கிழமையில் முடித்திருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் ஈப்போ இந்திரா காந்தி அம்மையாரின் வழக்கை மறந்திருக்காது. முன்னாள் கணவர் மூன்று பிள்ளைகளையும் தன்னிச்சையாக இஸ்லாத்துக்கு மாற்றிய அந்த வழக்கில், தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தது. அன்று காலை அந்தச் செய்தியை வாசித்துவிட்டு, ஒலிவாங்கியை அணைத்து, கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் கைதட்டிவிட்டு, என் வீட்டில் ஒற்றைக் கையெழுத்தில் காரியம் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டம் இரண்டும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். மனசுக்கு அப்படித் தெரியவில்லை.

கணவரிடம் சொன்னேன்: “நீங்க சரின்னு சொல்லாம பிள்ளைக்கு எதுவும் நடக்காது. ஆனா நான் செபமாலை சொல்றப்போ அவ பக்கத்துல வந்து உட்கார்ந்தா, போன்னு சொல்ல மாட்டேன்.”

“அவ எங்கம்மாகூட பூசை அறையில உட்கார்ந்தா?”

“அப்பவும் போன்னு சொல்ல மாட்டேன்.”

இதைப் பங்குத்தந்தையிடமும் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இயன்றது என்றால் இயன்றதுதான் என்றார்.

அந்த மாதங்களில் நான் படித்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணியின் கதையையும் சொல்ல வேண்டும். எலிசபெத் லெசர். கணவர் பெலிக்ஸ் மருத்துவர், தீவிர நாத்திகர். அந்த அம்மாள் வாதம் செய்யாமல், ஒரு நாட்குறிப்பில் மட்டும் எழுதிவந்தார். 1914-இல் அவர் இறந்தபின் அதைப் படித்த கணவர் மனம் மாறி, 1923-இல் டொமினிக்கன் சபைக் குருவாகவே ஆகிவிட்டார். என்னைப் போன்ற மனைவிமாருக்கு இந்தக் கதையைத்தான் எல்லாரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மனைவி செத்த பிறகு கணவர் சாமியாராவதில் எனக்கென்ன லாபம்? என்னவர் உயிரோடு பக்கத்தில் இருந்து, ஞாயிறன்று என்னைப் பட்டர்வொர்த் பெர்ரி வரை கூட்டிப்போனால் போதும்.

அதைவிட என்னைத் தொட்டது நம்மவர் கதை. நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. நான் கடைசி வரிசைக்குத் திரும்பிய அதே வருடம் என்பதால் பிரசங்கங்களில் அடிக்கடி அவர் வந்தார். அவர் மனைவி பார்கவி அம்மாளும் பிறகு ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வாக்கியம் வரும்போதெல்லாம் எனக்கு என் கணவர் முகம்தான் நினைவுக்கு வரும். கட்டிய நாளில் இருந்த ஆள் வேறு, இன்று வீட்டுக்கு வந்திருக்கும் ஆள் வேறு. அந்த அம்மாள் எத்தனை ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து யோசித்திருப்பார்?

2024 தொடக்கத்தில் ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே ஒரு தாள். மேசையில் வைத்தேன். என் கணவர் வேலை முடிந்து வந்து, காப்பியை வைத்துவிட்டு எடுத்துப் படித்தார்.

“தேதி என்ன போட்டிருக்கு?”

“நம்ம கல்யாணத் தேதிதான்.”

“ம்” என்றார். தாளை மடித்து, பதிவு இலாகாத் திருமணச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்பில் செருகினார். அந்த ஞாயிறன்று பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு நான் வரிசையில் நின்றேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். மகள் மட்டும், “அது இனிக்குமா?” என்று கேட்டாள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பூசை அறை விளக்கை மாமியார் இல்லாத நாளில் யார் ஏற்றுவது என்ற சங்கடம் இன்னும் இருக்கிறது. இப்போதைக்கு அவரே ஏற்றுகிறார், திரி போடத் தெரியாமல் எண்ணெயைக் கொட்டுகிறார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரம் வரை கூடப் போகிறேன், தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றுகிறேன், அர்ச்சனைத் தட்டு எடுப்பதில்லை. அவருடைய அக்காவுக்கு அது கண்ணில் படுகிறது. பெரியவர்கள் கூடும் இடத்தில் ஒரு பேச்சு கிளம்பும், அவர் பேச்சை மாற்றுவார். மகளுக்கு இன்னும் ஞானஸ்நானம் இல்லை. அது என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முள் அவருக்கும் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

போன ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழா. மெழுகுவர்த்தி ஏந்தி வருகிற கூட்டத்தில் இந்துக்களும் சீனர்களும் எப்போதும் உண்டு. என் மாமியாரே, பிள்ளைக்குக் காய்ச்சல் விடாத ஒரு வருடம் நேர்ந்துகொண்டு போய் வந்தவர். “நானும் வரேன்” என்று அவர் கிளம்பிவிட்டதால் காடி ஓட்ட ஆள் தேவைப்பட்டது. என் கணவர் சாவியை எடுத்தார். நெரிசலில் நிறுத்த இடம் கிடைக்காமல் வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டு, “நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்” என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், வெளி மதில் ஓரமாக அவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் மகள். மகள் கையில் எரியும் மெழுகுவர்த்தி. மெழுகு ஒழுகி அவர் சட்டைக் காலரில் விழுந்துகொண்டிருந்தது.

“உள்ளே வரலையா?” என்றேன்.

“அவ பார்க்கணும்னா. கீழே இருந்து எட்டல” என்றார்.