முகிற்கீற்று

தொழிற்சாலைகள் மலிந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பிரதேசத்து மண்ணூரிலிருந்து மாணவர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். மழைநாள் மாலையில், கருமுகிலின் பிளவிலிருந்து வெள்ளொளிப் பட்டைகள் விசிறி விரித்தாற்போல் பூமியில் இறங்கக் கண்டாராம். இதற்கு ஐரோப்பியர் இட்ட பெயர், அந்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அதைப் பெயர்த்து ‘அந்திக்கதிர்’ எனலாமா என்பது அவர் வினா.

வேண்டாம் என்போம். முகில் பிளந்தால் நண்பகலிலும் இக்காட்சி உண்டு. பிறர் பெயரிலுள்ள பிழையையும் சேர்த்துக் கடன் வாங்குவானேன்?

நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றின் கதிரும், நெற்கதிரும், இராட்டினத்துக் கதிரும் ஒரே சொல். கிரணம் வடசொல், அதனோடு நமக்குப் பகையில்லை. பல கதிர் கூடினால் கற்றை. பாடநூல்கள் ‘ஒளிக்கற்றை’ என்று செவ்வனே ஆள்கின்றன. ஆனால் கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கோட்டுக்குக் கீற்று என்பதே பொருந்தும். கூரை வேய்வதும் கீற்று. அக்கூரையின் இடுக்கில் நுழைந்து திண்ணையில் விழும் ஒளியும் கீற்று. அதனுள் தூசி மிதப்பதைக் குடிசையில் வளர்ந்தோர் எல்லோரும் பார்த்திருப்பர்.

சாஸ்திரமும் அத்தூசியில்தான் இருக்கிறது. ஒளி செல்லும் வழி தானே தோன்றாது; தூசியோ நீர்த்திவலையோ அதைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்பவேண்டும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், 1921-இல் கப்பலில் வருகையில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு இச்சிதறலை ஆராயப் புகுந்தார். 1928 பிப்ரவரி 28-இல் கண்ட விளைவு 1930-இல் நோபெல் பரிசு பெற்றது. விசிறித் தோற்றமோ வெறும் மயக்கம். ஞாயிறு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் அப்பால் இருப்பதால் கீற்றுகள் இணையாகவே வருகின்றன. தண்டவாளங்கள் தொலைவில் கூடுவதாகத் தோன்றவில்லையா? அதுபோலத்தான்.

சாஸ்திரச் சொற்களுக்கென ராஜாஜி முதலியோர் சேலத்தில் சங்கம் கண்டது 1916-இல். அதன்பின் வடசொல்லா, தென்சொல்லா என்று வாதாடியோர் பலர். கூரை வேய்பவனைக் கேட்டோர் மிகச் சிலரே.

ஆகவே ‘முகிற்கீற்று’ என்று எழுதுமாறு மாணவருக்குச் சொல்லியிருக்கிறோம். தேர்வாளர் சிவப்பு மையால் அடித்துவிடுவாரோ என்று அஞ்சுகிறார். அடித்தால் விடைத்தாளை நமக்கு அனுப்பட்டும்; இதே பக்கத்தில் அவருக்காக வாதாடுவோம்.